மூன்றாவது நோயாளி

லண்டன்
6-9-1970

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பிரித்த கையோடு கண்ணகை அம்மன் கோயில் விபூதி மேசையெல்லாம் கொட்டிவிட்டது. கூட்டி எடுத்துப் பூசிக்கொண்டேன். அம்மாவின் கால்வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர், சந்தோசம். நான் சுகம். உடம்பு சுகம் என்றுதான் சொல்லலாம், மனம் அவ்வளவு சரியில்லை.

நான் இங்கே படிப்பது மூக்குக் கண்ணாடி வேலை இல்லை. அதைத்தான் காலி நகரில் ஏழு வருடம் கடையில் நின்று செய்தேனே. இது கொன்ராக்ற் லென்ஸ். ஒரு சதக் காசிலும் சிறிய வில்லை. கருவிழிக்கு மேலேயே வைப்பது. ஆளுக்கு ஆள் விழியின் வளைவு வேறு. அதை அளந்து, பொருந்துகிற வில்லையைத் தெரிந்து, கண்ணில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்த ஜூனில் பெரிய சோதனை. அதற்கு முன் மூன்று பயிற்சிச் சோதனைகள் வைப்பார்கள். மூன்றில் ஒன்றிலாவது தேறினால்தான் பெரிய சோதனைக்கு இருக்க விடுவார்கள். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். படிப்பு நின்றால் இந்த நாட்டில் இருக்கவும் விடமாட்டார்கள்.

போன கிழமை முதலாவது பயிற்சிச் சோதனை நடந்தது. நான் தேறவில்லை.

கைவேலையில் வகுப்பில் நான்தான் முதல். உயிருள்ள ஒரு ஆளையே கொண்டுவந்து கதிரையில் இருத்தினார்கள். அரைமணி நேரத்தில் அளந்து, வில்லையை வைத்து, மஞ்சள் சாயம் ஒரு துளி விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தேன். அச்சில் வார்த்தது மாதிரிப் பொருந்தியிருந்தது. மேற்பார்த்த மிஸிஸ் பார்க்கர் அந்த ஆளிடம், “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். சீமெந்து மூட்டை தூக்குகிறவராம். ஒரு தூசு வில்லைக்கு அடியில் போனால் விழி கீறிப்போகும். நான் அதைக் கேட்கவே இல்லை. “கண்ணைப் பார்த்தீர், கண்ணுக்குரியவரை ஒன்றும் கேட்கவில்லையே” என்று சொல்லி முப்பத்தெட்டுப் புள்ளி போட்டார். ஐம்பது வேண்டும்.

இப்போது உம்மிடம் ஒரு உதவி. இங்கே கூடப் படிக்கிற வெள்ளைக்காரர் ஒருவரையொருவர் நோயாளியாக இருத்திக் கேள்வி கேட்டுப் பழகுகிறார்கள். எனக்கு அப்படி ஒருவரும் இல்லை. நீர் எழுத்தில் கெட்டிக்காரி. ஒரு நோயாளியைக் கற்பனை செய்து எழுதும். பெயர், வயது, தொழில் மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை மறைத்து வையும். நான் கேள்வி அனுப்புவேன். நீர் அந்த ஆளாக இருந்து பதில் எழுதி, நான் கேட்கத் தவறியதற்குப் புள்ளியைக் குறையும். இரக்கம் பார்க்கவேண்டாம்.

அன்புடன்,
அரியநாயகம்

*

இறுப்பிட்டி
20-9-1970

அன்புள்ள அத்தானுக்கு,

முப்பத்தெட்டுப் புள்ளி என்று வாசித்ததும் எனக்குக் கவலை வந்தது உண்மை. ஆனால் அடுத்த வரியில் என்னைச் சோதனை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டீர்கள் என்று கண்டதும் கவலை பாதி பறந்துவிட்டது. மாமியிடம் சொன்னேன். “அவன் சின்னனிலையும் ஒண்டும் கேளான் பிள்ளை. குடுத்ததைத் திண்டிட்டு எழும்பிப் போயிடுவான்” என்றார். நான் சொல்லவில்லை, உங்கள் அம்மா சொன்னது.

முதலில் என் கேள்விகளுக்குப் பதில் தாருங்கள். வைத்த வில்லை உருண்டு கண்ணுக்குப் பின்பக்கம் போய்விட்டால் யார் எடுப்பது? அழுதால் கண்ணீரோடு விழாதா? வெங்காயம் உரிக்கலாமா? அதைப் போட்டபடி நித்திரை கொண்டால் கனவும் தெளிவாகத் தெரியுமா? ஒரு வருத்தமும் இல்லாதவரை ஏன் நோயாளி என்கிறீர்கள்? இன்னொன்று. எதிரே நின்று பார்க்கிறவருக்கு அது தெரியுமா? கிட்ட நின்றாலும் தெரியாதா?

சரி, நோயாளிக்கு வருகிறேன். ஊர்காவற்றுறையிலிருந்து இங்கே படிப்பிக்க வருகிற றோஸ் ரீச்சரை உங்களுக்குத் தெரியுமே. பள்ளிக்கூடம் விட்டு பஸ் வரும்வரைக்கும் நம் வீட்டில்தான் இருந்து தேத்தண்ணீர் குடிப்பார். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் இந்த ஆளை உண்டாக்கினோம்.

பெயர் இன்னாசித்தம்பி. வயது முப்பத்துநான்கு. தொழில் சங்கு குளிப்பது. “ஐயா, கண்ணுக்குள்ளை போடுற கண்ணாடி ஒண்டு இருக்காமே, எனக்கும் ஒண்டு போட்டுவிடுங்கோ” என்று வந்து கதிரையில் இருக்கிறார். கேளுங்கள்.

தங்கள்,
மீனாம்பிகை

*

லண்டன்
4-10-1970

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

உமது கேள்விகளைக் கல்லூரியிலும் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. வில்லை பின்னுக்குப் போகாது. இமையின் உட்தோல் மடிந்து வந்து விழியோடுதான் ஒட்டியிருக்கிறது, அங்கே வழியில்லை. கண்ணீர்தான் வில்லையைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆனால் கனக்க அழுதால் நழுவும். வெங்காயம் பழகப் பழக உரிக்கலாம். நித்திரைக்கு முன் கழற்றியே ஆகவேண்டும், ஆகையால் கனவைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. மிஸிஸ் பார்க்கரிடம் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது. என்னைப் போல வேலை தெரிந்தவன் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் கண்டுபிடிப்பான்.

இன்னாசித்தம்பிக்கு என் கேள்விகள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீருக்குள்? உப்புத் தண்ணீரில் கண் திறப்பவரா? கண் சிவந்து நீர் வடிவது உண்டா? கை கழுவ நல்ல தண்ணீர் வள்ளத்தில் இருக்குமா? மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுவாரா?

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். போடலாம், ஆனால் கடலில் இறங்குமுன் கழற்றவேண்டும். இந்தமுறை தொழிலை வைத்துத்தான் கேட்டிருக்கிறேன். புள்ளியைப் போடும்.

அன்புடன்,
அரியநாயகம்

*

இறுப்பிட்டி
19-10-1970

அன்புள்ள அத்தானுக்கு,

நாற்பது புள்ளி. அதுவும் றோஸ் ரீச்சர் கெஞ்சினபடியால்தான்.

இன்னாசித்தம்பிக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நெடுந்தீவில் வள்ளம் வெளிக்கிட்டால் அது ஆருடைய பாய் என்று இங்கே நின்றே சொல்லுவார். வில்லை போட்டால் கடலுக்கு அடியில் சங்கு கிடப்பது தெளிவாகத் தெரியும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தவர். நீங்களோ கடலில் இறங்குமுன் கழற்றச் சொல்லிவிட்டீர்கள். பாவம், கரையில் இருந்து எதைப் பார்ப்பது? “ஏன் வேண்டும்?” என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஆளை இரண்டு நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

இரண்டாவது நோயாளி யாகப்பு, நாற்பது வயது. கூத்தில் ராசா வேசம் கட்டுகிறவர். கேளுங்கள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. நேற்று அவசரத்தில் பக்கத்து வீட்டு நல்லம்மாக்காவின் ஆட்டை நம் ஆடு என்று இழுத்து வந்து கொட்டிலில் கட்டிவிட்டேன். மாமி சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனார்.

தங்கள்,
மீனாம்பிகை

*

லண்டன்
15-11-1970

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

யாகப்புவிடம் எடுத்த எடுப்பில் “ஏன் வேண்டும்?” என்றுதான் கேட்கிறேன். நீர் பதில் எழுதுமுன் நானே சொல்கிறேன் பாரும். முடிக்குக் கீழே மூக்குக் கண்ணாடியோடு ராசா வந்தால் சனம் சிரிக்கும், கழற்றினால் மேடையை விட்டு விழுவார். சரிதானே? கூத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே வரச் சொல்லுவேன். முதல்நாள் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிப் பழகினால்தான் விடியவிடியப் போடலாம்.

இரண்டாவது பயிற்சிச் சோதனை முடிந்தது. நாற்பத்தாறு. நாலு புள்ளியால் போயிற்று. அதுவும் நியாயமில்லாமல்.

வந்தவள் இருபத்திரண்டு வயதுப் பெண். நீர் பழக்கியபடி ஏன் வேண்டும் என்று கேட்டேன். கலியாணத்தன்று கண்ணாடி இல்லாமல் நிற்க வேண்டுமாம். “ஏன், மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாதா?” என்று பகிடியாகக் கேட்டேன். அதோடு அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். வந்தவரை வெட்கப்படுத்தினேன் என்று மிஸிஸ் பார்க்கர் புள்ளியை வெட்டிவிட்டார். நீரே சொல்லும், நான் கேட்டதில் என்ன பிழை? கண்ணாடியை மறைத்துக் கலியாணம் முடித்தால் அது ஏமாற்றுத்தானே? எங்கள் ஊரிலும் நடக்கிறதுதான். காலிக் கடையில் எத்தனை தகப்பன்மார் வந்து ஊருக்கு ஒளித்து மகளுக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். கட்டுகிறவன் பாவமில்லையா?

பெப்ரவரியில் மூன்றாவது. அதுதான் கடைசி. சுலபமான ஆட்களை விட்டுவிட்டு ஒரு கடினமான நோயாளியை அனுப்பும்.

அன்புடன்,
அரியநாயகம்

*

இறுப்பிட்டி
30-11-1970

அன்புள்ள அத்தானுக்கு,

யாகப்புவுக்கு எழுபது புள்ளி. சந்தோசமா?

நீங்கள் கேட்டதில் என்ன பிழை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நோயாளியை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாவது நோயாளிக்குப் பெயர் வேண்டாம். பெண், வயது இருபத்தாறு, கலியாணம் முடித்தவள், தீவில் இருக்கிறாள். நீங்கள் கேட்குமுன்பே சிலதைச் சொல்லிவிடுகிறேன், கடினமான ஆள்தானே வேண்டும் என்றீர்கள்.

அவளுக்கு ஒரு சாணுக்கு அப்பால் எல்லாம் புகை. ஊசிக்கு நூல் கோர்ப்பதில் அவளை வெல்ல ஆள் இல்லை. பஸ் எது லொறி எது என்பது சத்தத்தில் தெரியும். ஒழுங்கையில் வருகிற ஆளைச் செருப்புச் சத்தத்தில் பிடித்துவிடுவாள். வெறுங்காலோடு வந்தால் அவர் வாய் திறக்கும்வரை குனிந்துகொண்டு நிற்பாள். ஆகையால் ஊரில் அவளுக்கு எடுப்புக்காரி என்று பெயர். கண்டும் காணாதது மாதிரிப் போகிறாளாம். ஒரு கலியாண வீட்டில் பந்தல் காலுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலுக்குப் பக்கத்தில் நின்றவர் தனக்குத்தான் என்று வாங்கிக்கொண்டபடியால் தப்பினாள்.

கண்ணாடி போடுவதில்லை. அவளுக்குக் கண் தெரியாது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. புருசனுக்கும் தெரியாது.

கேளுங்கள் அத்தான். ஆறுதலாக யோசித்துக் கேளுங்கள்.

தங்கள்,
மீனாம்பிகை

*

லண்டன்
20-12-1970

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

இன்னாசித்தம்பியும் யாகப்புவும் கண்முன்னே வந்து நின்றார்கள். உமது மூன்றாவது நோயாளி நிற்கவில்லை. கதை நன்றாயிருக்கிறது, நம்புகிற மாதிரி இல்லை. பந்தல் காலுக்கு வணக்கம் என்ற இடத்தில் நான் தங்கியிருக்கிற வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் சோதனைக்கு இப்படி ஒரு ஆளைக் கொண்டுவரமாட்டார்கள்.

நீர் சொல்கிற அளவு மங்கல் என்றால் ஆறு ஏழு நம்பர் கண்ணாடி வேண்டும். அப்படி ஒரு பெண் கண்ணாடி இல்லாமல் கிணற்றில் தண்ணீர் அள்ளி, அடுப்பு மூட்டி, ஒரு வீட்டை நடத்துவாள், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றால் சின்னப்பிள்ளையும் நம்பாது. மற்றவர்களை விடும். புருசன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் என்ன குருடனா?

ஆகையால் இந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறேன். ஊரில் உண்மையாக நடமாடுகிற யாரையாவது பார்த்து எழுதும். நாள் கிட்டிக்கொண்டு வருகிறது, எனக்கு விளையாட நேரமில்லை.

பொங்கலுக்கு அம்மாவுக்கும் உமக்கும் என் அன்பு. குளிர் எலும்பைக் கடிக்கிறது.

அரியநாயகம்

*

இறுப்பிட்டி
5-1-1971

அன்புள்ள அத்தானுக்கு,

அந்தப் புருசன் குருடன் இல்லை. காலியில் ஏழு வருடம் கண்ணாடிக் கடையில் நின்றவர்.

எழுதியாயிற்று. இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

பத்து வயதிலிருந்து எனக்குத் தூரம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் படித்தபோது கண்ணாடி போட்டேன். விடுமுறைக்கு வரும்போது பஸ்ஸில் ஏறியதும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். அது என் அம்மாவின் கட்டளை. அப்படி ஒளித்தும் சரவணை ஊரிலிருந்து வந்த முதல் சம்பந்தம் யாரோ கண்ணாடி விசயத்தைச் சொல்லிவிட்டதால் குழம்பியது. பிறக்கிற பிள்ளைகளுக்கும் அந்தக் கண் வருமாம். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று அம்மா கண்ணாடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “ஒரு நாளைக்குத்தான் பிள்ளை. பிறகு ஆறுதலாச் சொல்லுவம்” என்றார். அந்த ஒரு நாள் நாலரை வருடமாக நீண்டுகொண்டே போகிறது.

எப்போது சொல்லியிருப்பேன்? நீங்கள் காலியிலிருந்து வருடப்பிறப்புக்குப் பத்து நாள், தீபாவளிக்கு எட்டு நாள், கோயில் திருவிழாவுக்கு ஒரு கிழமை என்று வந்துபோனீர்கள். லண்டனுக்குப் போகுமுன் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதம் வராது. வந்த நாட்களில் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அம்மா காலமான பிறகு அலுமாரியைத் திறந்து அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அதற்குள் கண் மாறிவிட்டது, பாதிதான் தெரிந்தது.

கிட்ட உள்ளது மட்டும் எனக்கு எப்போதும் தெளிவு. எழுத்து தெளிவு. உங்களைக் கடிதத்தில் கண்ட அளவுக்கு நான் நேரில் கண்டதில்லை, அத்தான். அதனால்தான் உங்கள் வில்லையைப் பற்றி அப்படித் துருவித் துருவிக் கேட்டேன். எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதிய அன்று பிள்ளைபோலச் சந்தோசப்பட்டேன். உங்கள் மூலமே போட்டுக்கொண்டு, உங்களுக்கே தெரியாமல் இருந்துவிடலாம் என்று கூட நினைத்தேன். எவ்வளவு மடைத்தனம்.

ஏமாற்று என்று எழுதியிருந்தீர்கள். அது ஏமாற்றுத்தான். கட்டினவர் பாவம் என்பதும் சரி. நீங்கள் என்னை வேண்டாம் என்றாலும் என்னால் ஒன்றும் சொல்ல ஏலாது. ஆனால் நல்லதோ கெட்டதோ, உடனே ஒரு வரி எழுதிவிடுங்கள். தபாற்காரரின் சைக்கிள் மணி எனக்கு நெடுந்தூரத்தில் கேட்கும்.

மீனாம்பிகை

*

லண்டன்
9-3-1971

என் அன்பான மீனாம்பிகைக்கு,

இரண்டு மாதமாக நீர் என்ன பாடுபட்டிருப்பீர் என்று எனக்குத் தெரியும். உமது கடிதம் ஜனவரி 18ஆம் திகதி கிடைத்தது. 20ஆம் திகதி இந்த நாட்டுத் தபாற்காரர் எல்லாரும் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டார்கள். ஏழு கிழமை கடிதம் போகவும் இல்லை, வரவும் இல்லை. தந்தி அலுவல் பார்ப்பவர்களும் அவர்களோடுதான். நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆனால் முழுப்பழியையும் அவர்கள் தலையில் போடமாட்டேன். நான் உமக்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டு 20ஆம் திகதி காலையில் சந்திக்குப் போனேன். தபாற்பெட்டியின் வாயை அடைத்து வைத்திருந்தார்கள். நல்லகாலம். அது நீர் வாசிக்கவேண்டிய கடிதம் இல்லை. கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு எடுத்து வாசித்தபோது முகம் சுட்டது. என்னை ஏமாற்றிப்போட்டாய் என்று நாலு பக்கமும் எழுதியிருந்தேன். அது பொய், மீனாம்பிகை. எனக்கு ஏமாந்த கோபம் இல்லை. வெட்கம். வருகிற போகிற சிங்களவர், பறங்கியர், முஸ்லிம்கள் எல்லாருடைய கண்ணையும் ஏழு வருடம் பார்த்தவன், தன் வீட்டில் ஒருத்தி சுவரைத் தடவி நடந்ததைக் காணவில்லை. அதைவிட, உமது கடிதத்தைப் பத்துப் பேருக்கு வாசித்துச் சிரித்தேனே. அதற்கு நீர் என்னை மன்னிக்கவேண்டும். அந்த நாலு பக்கத்தையும் கிழித்துப்போட்டுவிட்டேன்.

மூன்றாவது பயிற்சிச் சோதனை பெப்ரவரி 26ஆம் திகதி நடந்தது. வந்தவர் ஐம்பது வயது அம்மா ஒருவர், வாய் திறவாத சாதி. கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவரும் இருந்தார். மிஸிஸ் பார்க்கர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் இன்னும் இருந்தேன். பிறகு அந்த அம்மா தன் பாட்டில் கதைக்கத் தொடங்கினார். வலது கண்ணில் ஒரு பழைய காயம், அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாராம். வில்லை போடக்கூடாத கண். போடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அறுபத்தொரு புள்ளி. ஜூனில் பெரிய சோதனைக்கு இருக்கலாம்.

இனி உமது அலுவல். ஓகஸ்டில் வருகிறேன். விழியின் வளைவை அளக்கிற கருவி ஒன்றை இரவல் தருவதாக மிஸிஸ் பார்க்கர் சொல்லியிருக்கிறார். என் கையாலேயே உமக்கு லென்ஸ் செய்து போடுவேன். அம்மாவுக்கும் தெரியவேண்டாம், ஊருக்கும் தெரியவேண்டாம். எங்கள் இரண்டு பேரோடும் இருக்கட்டும். ஒருவர் உம்மை ஒரு சொல் சொல்ல நான் விடமாட்டேன்.

உடனே பதில் போடும். பயந்துகொண்டிருக்கிறேன்.

உமது,
அரியநாயகம்

*

இறுப்பிட்டி
22-3-1971

என் அன்புள்ள அத்தானுக்கு,

வேலைநிறுத்தம் என்று தபாற்கந்தோரில் எல்லாருக்கும் தெரியுமாம். லண்டனில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர் எல்லாரும் போய்க் கேட்டிருக்கிறார்கள். நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் முகத்தில் தெரிந்துவிடும் என்ற பயம். கேட்கவில்லை என்று உங்களுக்குப் புள்ளி வெட்டினவள் நான்.

ஒவ்வொரு நாளும் சைக்கிள் மணி நம் படலையைக் கடந்து போகும். ஒரு மாதம் பார்த்தேன். இவர் என்னை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். அழுது தீர்த்தபின் ஒரு யோசனை வந்தது. ஆருக்காக ஒளித்தேனோ அவருக்கே தெரிந்துவிட்டது. இனி ஆருக்குப் பயந்து சுவரைத் தடவுவது? அடுத்த சனிக்கிழமை றோஸ் ரீச்சரோடு யாழ்ப்பாணம் போய்க் கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்குக் கொடுத்தேன். ஆறரை நம்பர். பத்து நாளில் கிடைத்தது. கடையிலேயே போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அத்தான், மரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது. விடுதிக்கால ஞாபகம் எல்லாம் போயிருந்தது. பண்ணைப் பாலத்தால் வரும்போது கடலுக்குள் கம்பு நட்டிருக்கிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்ததெல்லாம் கொக்குகள். ஒன்று எழும்பிப் பறந்தபோது நான் சத்தம் போட்டுவிட்டேன், பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். றோஸ் ரீச்சருக்குப் புருவத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. நாலு வருடச் சிநேகிதி, நான் அறியேன்.

படலையில் மாமி நின்றார். கழற்றுவோமா என்று கை மூக்குவரை போனது. கழற்றவில்லை. மாமி கிட்ட வந்து என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

“பிள்ளை, உனக்குத் தூரம் தெரியாதோ?”

“தெரியாது மாமி. சின்னனிலையிருந்து தெரியாது. உங்களுக்கு ஒளிச்சுப்போட்டம்.”

“அப்ப சந்தியிலை என்ரை அக்காவைக் கண்டும் கதையாமல் போனது இதாலைதானோ?”

“ஓம் மாமி.”

“அடி விசரி! என்ரை மருமேள் எடுப்புக்காரி இல்லையெண்டு நான் அவளோடை ரெண்டு வருசமாக் கதை பேச்சில்லாமல் இருக்கிறன். முன்னமே சொல்லியிருந்தால் நான் அவளின்ரை வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருப்பனே!”

எனக்காக மாமி தன் கூடப்பிறந்தவளோடு கோபித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கட்டிப்பிடித்து அழுதேன். “கொண்டா பாப்பம்” என்று கண்ணாடியை வாங்கித் தானும் போட்டுப் பார்த்து, “ஐயோ, நிலம் எங்கையோ போகுது” என்று கதிரையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் பெரியமாமி வீட்டுக்குப் போய்வந்தோம். கண்ணாடியோடுதான் போனேன். ஊரில் கதைக்கிறவர்கள் கதைக்கிறார்கள். கதைக்கிறவர் ஆர் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாலு பக்கத்தைக் கிழித்ததையும் சொன்னீர்களே, அதுவே எனக்குப் போதும். பத்துப் பேருக்கு வாசித்துச் சிரித்ததற்கு மட்டும் ஓகஸ்டில் வரும்போது தனியாகக் கணக்குத் தீர்ப்பேன். ஜூன் சோதனையில் நீங்கள் தேறுவீர்கள். லென்சைப் பற்றி எழுதியதை வாசிக்க நெஞ்சு நிறைந்தது. ஆனால் எனக்கு அது வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வேலை எனக்குப் பிடிக்கும், யாகப்பு மாதிரி ஆட்களுக்கு நூறு போடுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல், ஊருக்குத் தெரியாமல் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் வேண்டாம் என்கிறேன். ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது நாலரை வருடம். இனி எல்லாருக்கும் தெரியட்டும்.

கடைசியாக ஒன்று. கண்ணாடி வந்த அன்று பின்னேரம் வீட்டுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாசற் கதவுக்கு மேலே எங்கள் கலியாணப் படம் மாட்டியிருக்கிறதே, ஸ்ரூடியோவிலிருந்து வந்த அன்றே மாமி ஆணியடித்து ஏற்றிவிட்டது. எனக்கு அது அன்றுவரை மேலே ஒரு மங்கல் சதுரம். அன்றுதான் பார்த்தேன். எல்லாரும் கமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கமரா எங்கே என்று தெரியாமல் நான் சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவ்வளவு கிட்ட, அவ்வளவு ஆசையாக. இப்படி ஒரு முகம் என்னைப் பார்த்தது என்று தெரியாமலே உங்களோடு வாழ்ந்திருக்கிறேன்.

அந்த வீணாய்ப் போன நாலரை வருடத்தைப் பற்றி இனி இருவரும் கதைக்கவேண்டாம். வாருங்கள் அத்தான். வந்து படத்தில் நின்ற மாதிரி நில்லுங்கள். இந்தமுறை நானும் உங்களைப் பார்க்கவேண்டும்.

என்றும் உங்கள்,
மீனாம்பிகை